கல்லாகிப் போன பிரவுன் சுகர்: எந்த வழி எதற்கு உதவும்?

200 கிராம் பிரவுன் சுகரில் தண்ணீர் மொத்தமே சுமார் 3 கிராம்தான் இருக்கும். ஒரு டீஸ்பூன்கூட இல்லை. வெள்ளைச் சர்க்கரைப் பரல்களின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும் மொலாசஸை (கரும்பிலிருந்து வரும் கரிய பாகு) ஈரமாக வைத்திருப்பது அந்தச் சொட்டு நீர்தான். அது ஆவியாகிப் போனால் பூச்சு பசையாக இறுகிப் பரல்களை ஒட்டிவிடும். அதனால் டப்பாவில் கட்டியைப் பார்த்ததும் அரை டம்ளர் தண்ணீரைத் தெளிப்பவர்களுக்குக் கிடைப்பது சர்க்கரை இல்லை, பாகு. போன ஈரத்தை, போன அளவுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். கீழே வரும் வழிகளை அந்தக் கணக்கில்தான் எடைபோட வேண்டும்.

இப்போதே மாவில் சேர்க்க வேண்டும் என்றால் மைக்ரோவேவ். கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு கப் அளவுக்குக் கட்டியைப் போடுங்கள். டிஷ்யூவை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, கிண்ணத்தை மூடுங்கள். முழுச் சூட்டில் 20 விநாடி வைத்து, எடுத்து முள்கரண்டியால் உதிர்த்துவிட்டு, தேவைப்பட்டால் மறுபடி 20 விநாடி. மூன்று சுற்றுக்குள் வேலை முடிந்துவிடும். பொறுமையில்லாமல் ஒரே மூச்சில் ஒன்றரை நிமிடம் வைத்தால் ஓரங்கள் உருகிப் பாகாகும். ஆறியதும் மிட்டாய்போல இறுகும், அதை மீட்கவே முடியாது. உருகிய சர்க்கரை தோலில் ஒட்டிச் சுடும், விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள். இந்த வழியின் பெரிய குறை, இளக்கத்தில் பாதி சூட்டால் வருவது. ஆறினால் திரும்பவும் இறுகும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் சூடாக்குங்கள்.

ஓவனில் 120 டிகிரியில் ஐந்தைந்து நிமிடமாக வைத்து இளக்குவதும் உண்டு. ஈரம் எதுவும் சேராமல் வெறும் சூடு மட்டும் கொடுப்பதால், ஆறிய பிறகு முன்பைவிட மோசமாக இறுகக்கூடும். மைக்ரோவேவ் இல்லாத வீட்டில், கேக்குக்காக ஓவனை எப்படியும் சூடாக்கும் நாளில் மட்டும் இதை யோசிக்கலாம்.

இட்லிப் பானை ஆவி கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் குளிர்ந்த கட்டியின் மேல் ஆவி பட்டதும் நீராகிவிடும். மேல்பரப்பு கரைந்து வழிய, உள்ளே கல் அப்படியே இருக்கும். போதாததற்கு மூடியிலிருந்து சொட்டும் தண்ணீர் வேறு. தவிர்ப்பதே நல்லது.

நாளைக்குத்தான் வேண்டும் என்றால் ரொட்டித் துண்டுக்கு நிகரில்லை. காற்றுப் புகாத டப்பாவில் சர்க்கரையைப் போட்டு, அதன்மேல் பட்டர் பேப்பர், அதன்மேல் ஒரு புதிய பிரெட் ஸ்லைஸ். பேப்பரை ஓரம்வரை அடைக்காமல் வெட்டிக்கொண்டால் தூளும் விழாது, ஈரமும் இறங்கும். ராத்திரி வைத்தால் காலையில் ஓரளவு இளகியிருக்கும்; பாறையாகிப் போயிருந்தால் இன்னும் ஒரு நாள் பிடிக்கும். ஈரம் மெதுவாக, எல்லாப் பக்கமும் சமமாகப் போவதுதான் இதன் பலம். ஆறினால் இறுகும் பேச்சே இல்லை. ஆப்பிள் துண்டிலும் இதே வேலை நடக்கும், கொஞ்சம் வேகமாகவே. ஆனால் ஆப்பிளில் நீர் அதிகம், தொடும் இடம் ஈரமாகும், வாசனையும் ஏறும். நம் வெயிலில் இரண்டையுமே ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளுக்குமேல் விடாதீர்கள், பூசணம் பிடித்துவிடும்.

பூசணத் தொல்லையே இல்லாதது சுட்ட மண். இதற்கென்று கடைகளில் விற்கும் களிமண் வில்லையைத் தேடி அலைய வேண்டியதில்லை. எண்ணெய் படாத, பூச்சில்லாத புது அகல் விளக்கு ஒன்று போதும். நன்றாகக் கழுவி, 20 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, மேல் ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்து டப்பாவுக்குள் வையுங்கள். துடைக்காமல் வைத்தால் அதைச் சுற்றிப் பாகு கட்டும். இளக்குவதில் ரொட்டியைவிட மெதுவானது, ஆனால் இளகியதை இளக்கமாகவே வைத்திருக்க இதுதான் சரி. காய்ந்ததும் மறுபடி ஊறவைத்தால் போதும்.

மிக்ஸியில் அடிப்பது இளக்குவது ஆகாது, பொடியாக்குவதுதான். பிளேடு சூட்டில் மொலாசஸ் அடியில் அப்பிக்கொள்ளும், பரலும் மாவாகிவிடும். குக்கீயின் பதம் மாறும். பாயசத்துக்கோ காபிக்கோ போகிற சர்க்கரை என்றால் எந்த வித்தையும் வேண்டாம், ஒரு கப் கட்டிக்குக் கால் கப் தண்ணீர் விட்டுச் சூடாக்கிக் கரைத்து வடிகட்டுங்கள். இன்னொன்று: பாதி இளகிய சர்க்கரையைக் கப்பில் அழுத்தி அளந்தால் கணக்கு தப்பும். தராசில் நிறுத்துப் போடுங்கள். காய்ந்ததால் எடை குறைவது ஓரிரு கிராம்தான்.

நாட்டுச் சர்க்கரைக்கு இதில் எதையும் செய்துவிடாதீர்கள். அது மழைக்காலத்தில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்து, பிறகு காய்ந்து கட்டி தட்டுகிறது. அங்கே ரொட்டி வைப்பது எரிகிற தீயில் எண்ணெய். பிசுபிசுப்பாக இருக்கும்போதே தட்டில் பரப்பி ஒரு மணி நேரம் வெயில் காட்டுங்கள். இறுகிவிட்டால் குழவியால் தட்டி, சலித்து, உலர்ந்த டப்பாவில் அடையுங்கள். ஈரம்பட்டுக் கட்டியான வெள்ளைச் சர்க்கரைக்கும் இதே வைத்தியம்தான்.

எறும்புக்குப் பயந்து பாக்கெட்டைப் பிரித்தபடியே ஃபிரிட்ஜில் வைப்பதுதான் பல வீடுகளில் பிரவுன் சுகர் கல்லாவதற்குக் காரணம். ஃபிரிட்ஜ் காற்று வறண்டது. வைத்தே ஆக வேண்டுமென்றால் இறுக்கமாக மூடும் டப்பாவுக்கு மாற்றி வையுங்கள்.