அம்மாவுக்குப் பின்னால் ஹாரன் அடித்தவர்

சென்னைச் சாலையில் ஹாரன் கேட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அடையாறில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் எனக்கும் அது பழகிய சத்தம்தான். ஆனால் இந்த முறை ஊருக்குப் போயிருந்தபோது ஹாரன் ஒலித்தது நடைபாதையில். ஒதுங்கச் சொல்லி அடித்தது என் அம்மாவைப் பார்த்து. ஜெர்மனியில் நான் வாழும் ஸ்டுட்கார்ட் நகருக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கோபம் ஆறவில்லை.

காலை ஒன்பது மணி இருக்கும். காந்தி நகரிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு அம்மாவும் நானும் நடந்துகொண்டிருந்தோம். லஸ் கடைத்தெருவில் அம்மாவுக்கு வேலை இருந்தது. லஸ்ஸுக்கு 29சி என்பதை அடையாறுக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. தூங்குமூஞ்சி மரங்களின் வேர் தூக்கிவிட்ட கற்களைப் பார்த்துப் பார்த்துத்தான் காலை வைப்பார். பின்னாலிருந்து விட்டு விட்டு ஹாரன் கேட்டது. சாலையில் என்று நினைத்து நடந்தோம். அடுத்த முறை அது எங்கள் முதுகுக்குப் பின்னால், விடாமல் ஒலித்தது. அம்மா திடுக்கிட்டு மதில் சுவரைப் பிடித்துக்கொண்டார். கையிலிருந்த துணிப்பை கீழே விழுந்தது.

திரும்பினால் ஒரு ஸ்கூட்டர். ஓட்டியவர் ஹெல்மெட் போட்டிருந்தார். முன்னால் நின்றிருந்த பையன் பள்ளிச் சீருடையில், கழுத்தில் தண்ணீர் பாட்டிலுடன், ஹெல்மெட் இல்லாமல்.

"கொஞ்சம் ஓரமாகப் போகக் கூடாதா?" என்றார்.

"இது நடைபாதை" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

"ரோடு நிற்பதைப் பார்த்தீர்களா சார்? வேறு எப்படிப் போவது?"

அவர் குரலில் திமிர் இல்லை. நியாயம் கேட்கும் குரல். அதுதான் என்னை இன்னும் உலுக்கியது. அவருக்குப் பின்னால் மேலும் சில வண்டிகள் வரிசையாக நடைபாதையில் ஏறி நின்றன. அவர்களும் ஹாரன் அடிக்கத் தொடங்கினார்கள். அவர்கள் கண்ணுக்கு வழியை மறித்து நின்ற குற்றவாளி நான். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "விடப்பா, குழந்தைக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகியிருக்கும்" என்றார். ஒதுங்கினோம். எல்லா வண்டிகளும் போயின. ஒருவராவது மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

இவர்கள் எங்கே ஏறினார்கள் என்று திரும்பி வரும்போது பார்த்தேன். நடைபாதையின் முனையில் சக்கர நாற்காலி ஏறுவதற்காகச் சரிவு அமைத்திருக்கிறார்கள். வண்டிகள் நுழையாமலிருக்கக் குட்டைத் தூண்கள் நட்டிருக்கிறார்கள். அதில் ஒரு தூண் இல்லை. அடிப்பகுதி மட்டும் துண்டாக நிற்கிறது. ஒரு ஸ்கூட்டர் தாராளமாக நுழையும் இடைவெளி. நடக்க முடியாதவர்களுக்காகப் போட்ட சரிவு, நடக்கிறவர்களை விரட்டும் வண்டிகளுக்கு ஏணியாகிவிட்டது. நடப்பவர்களையும் சைக்கிள் ஓட்டுபவர்களையும் முன்னிறுத்தும் போக்குவரத்துக் கொள்கையை 2014இல் இந்தியாவிலேயே முதலாவதாக ஏற்ற நகரம் சென்னை. அதன் பிறகு வந்த நடைபாதைகள் அகலமானவை, நல்லவை. நான் பள்ளிக்குப் போன காலத்தில் இப்படியொரு பிளாட்பாரமே கிடையாது. சாக்கடை மூடிகளின் மேல் தாவித் தாவிப் போவோம். ஆனால் பின்னாலிருந்து எதுவும் வராது.

மெட்ரோ பணியால் சாலை குறுகிவிட்டது, மக்கள் என்ன செய்வார்கள் என்று வீட்டில் சமாதானம் சொன்னார்கள். மாதவரத்திலிருந்து சிப்காட் வரை போகும் மூன்றாம் வழித்தடம் மந்தைவெளி, அடையாறு வழியாகத்தான் வருகிறது. தோண்டாமல் எப்படி வரும்? அதில் எனக்குக் குறை இல்லை. நான் வாழும் ஸ்டுட்கார்ட்டில் தலைமை ரயில் நிலையத்துக்காக 2010இல் நகரின் நடுவைத் தோண்டத் தொடங்கினார்கள். பல ஆண்டுகளாக நாங்களும் வேலியைச் சுற்றிக்கொண்டு நடக்கிறோம், கார்கள் நெரிசலில் நிற்கின்றன. அதற்காக ஒரு மோட்டார் சைக்கிள் நடைபாதையில் ஏறி வந்து நான் பார்த்ததில்லை. அங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்லவில்லை; வாடகை மின் ஸ்கூட்டர்கள் நடைபாதையில் குறுக்கே கிடந்து கழுத்தறுக்கும். ஆனால் அவற்றை ஒரு பாட்டி காலால் தள்ளிவிட்டுத் திட்டிக்கொண்டே போவார். இடம் தன்னுடையது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

ஜெர்மனியில் எட்டு வயது நிரம்பாத குழந்தை சைக்கிளை நடைபாதையில்தான் ஓட்ட வேண்டும். பத்து வயது வரை ஓட்டலாம். அந்தக் குழந்தைகூட நடப்பவர்களுக்கு இடைஞ்சல் தரக் கூடாது, தெருவைக் கடக்கும்போது இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. என் மகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறது. அடையாறில் ஸ்கூட்டரின் முன்னால் நின்ற பையனும் அவள் வயதுதான். வயதான ஒருவர் எதிர்ப்பட்டால் ஹாரன் அடித்து ஒதுக்க வேண்டும் என்பதை அவன் அன்று தன் அப்பாவிடமிருந்து கற்றுக்கொண்டான்.

இந்திய ஓட்டுநர் உரிமம் ஜெர்மனியில் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். பிறகு எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டையும் முதலிலிருந்து எழுத வேண்டும், ஓட்டிக் காட்ட வேண்டும். என்னுடன் ஓட்டுநர் பயிற்சியாளர் மல்லுக்கட்டியது வண்டியைத் திருப்புவதற்காக அல்ல, நடப்பவர் தெருவோரம் நின்றால் வேகத்தைக் குறைப்பதற்காக. நம் ஊரில் எட்டுப் போட்டுக் காட்டினால் இரு சக்கர வண்டி உரிமம் கிடைத்துவிடுகிறது. நடைபாதையில் வண்டி ஓட்டக் கூடாது என்பது 1989ஆம் ஆண்டுச் சாலை விதிகளிலேயே வந்துவிட்டது. அந்த ஸ்கூட்டர்காரருக்கு அதை யாராவது ஒரு முறையாவது சொல்லியிருப்பார்களா?

பஸ்ஸில் ஏறியதும் மனம் இளகிவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். நடத்துனர் அம்மாவின் காலைப் பார்த்ததும் விசில் ஊதாமல் காத்திருந்தார். "பெரியம்மா உட்காரட்டும்" என்று ஓர் இளைஞரை எழுப்பி இடம் வாங்கிக் கொடுத்தார். மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 முதல் நடப்பில் இருக்கிறது. 2024 முதல் தாழ்தளப் பேருந்துகளும் ஓடுகின்றன. முதியவர் ஏறுவதற்காக நடைபாதைப் பக்கம் சாய்ந்து கொடுக்கும் பஸ் நம் ஊரில் ஓடும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. ஆனால் நிறுத்தத்தில் ஆட்டோக்கள் நிற்பதால் பஸ் நடுச்சாலையில்தான் நிற்கிறது. அம்மா தரையில் இறங்கி, ஆட்டோவுக்கும் இரு சக்கர வண்டிகளுக்கும் இடையே புகுந்துதான் ஏறினார்.

அன்றைக்குப் பிறகு அம்மா அந்தப் பாதையில் நடப்பதை நிறுத்திவிட்டார். லஸ்ஸுக்கு ஆட்டோவில் போகிறார், அல்லது போகாமல் இருந்துவிடுகிறார். காய்கறி, கோயில், தோழியின் வீடு எல்லாம் அந்த நடையோடு சேர்ந்தவை. கிளம்பும் முன் உடைந்த தூணைப் படம் எடுத்துப் புகார் எழுதிப் பதிவு செய்தேன். எதிர்வீட்டு ஆசிரியர் தெருக்காரர்களிடம் கையெழுத்து வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு தூணை நட்டுவிட்டால் ஸ்கூட்டர்கள் அங்கே ஏற வழியில்லை. அம்மாவை மறுபடி நடந்து போகச் சொல்ல எனக்குத் தைரியம் வரும்.