தலைவலிக்குத் தைலமா, மாத்திரையா, காபியா?

சாயங்காலம் நாலு மணி வாக்கில் தலையைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டியது போல ஒரு பிடிப்பு. இரண்டு பக்கமும் வலிக்கும், ஆனால் விண் விண்ணென்று தெறிக்காது. மாடிப்படி ஏறினாலும் வலி ஏறாது, வாந்தி வராது. இதுதான் இறுக்கத் தலைவலி. ஒரு பக்கமாகத் தெறித்து, வெளிச்சம் பட்டாலே கண் கூசினால் அநேகமாக ஒற்றைத் தலைவலி. அந்தக் கதை வேறு.

வேகத்தில் மாத்திரைதான் முதலிடம். பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் 1000 மில்லிகிராம் அல்லது ஐபுப்ரோஃபென் 400. இரண்டாவதை வெறும் வயிற்றில் போடாதீர்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் அதைத் தொடவே வேண்டாம். பாராசிட்டமால் வயிற்றுக்குச் சாது. கல்லீரலுக்காகத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது, ஜலதோஷ மாத்திரையில் ஒளிந்திருப்பதையும் சேர்த்துத்தான்.

மாத்திரையின் பெரிய குறை வேறு. மாதத்தில் 15 நாள், அப்படியே மூன்று மாதத்துக்கு மேல் விழுங்கினால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். கேஃபீன் கலந்த கூட்டு மாத்திரைக்கு 10 நாளே போதும்.

தைலத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. 1893இல் நாகேஸ்வர ராவ் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சனை (மயிலாப்பூர் பூங்காவுக்குப் பேர் கொடுத்தவர் இவர்தான்) வாசனைக்காகத்தான் தடவுகிறோம் என்று நினைத்திருந்தேன். ஆனால் 1996இல் ஜெர்மனியில் வெளியான ஆய்வு ஒன்றில், 10 சதவீதப் பெப்பர்மின்ட் எண்ணெயை நெற்றியில் தடவியது 1000 மில்லிகிராம் பாராசிட்டமாலுக்கு ஈடாக நின்றது. நம் டப்பாவில் இருப்பது அதே கலவை இல்லை, சரி. மெந்தாலின் குளிர்ச்சி இரண்டிலும் உண்டு. கண்ணருகே மட்டும் கொண்டு போகாதீர்கள். பாட்டி வைத்தியமான சுக்குப் பற்று எனக்கு எரிச்சலோடு சரி.

காபி தந்திரக்காரன். மாத்திரையோடு சேர்ந்தால் அதன் வேலைக்குக் கை கொடுக்கும். தினமும் ஆறு மணிக்குக் குடிப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாகிவிட்டால் அதுவே தலைவலி தரும்.

அப்புறம் கழுத்து. மடிக்கணினிக்கு அடியில் இரண்டு தடிப் புத்தகங்களை வைத்து, மணிக்கொரு தரம் எழுந்து, பிடரிக் குழியைக் கட்டைவிரலால் அழுத்திவிடுவேன். உடனே கேட்காது, ஆனால் அடுத்த வலி வரும் நாளைத் தள்ளிப்போடுவது என் அனுபவத்தில் இதுதான்.

இடி விழுந்தது போலத் திடீர் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் மரத்துப்போவது, 50 வயதுக்கு மேல் புதிதாக வரும் தலைவலி இவற்றுக்கு மேலே சொன்ன எதுவும் வேண்டாம், நேரே மருத்துவரிடம் போங்கள். மற்றபடி எனக்கு முதலில் தைலம், ஒரு மணி நேரத்தில் விடாவிட்டால் மாத்திரை. போட்ட நாளில் காலண்டரில் ஒரு புள்ளி வைக்கிறேன். போன மாதம் நான்கு.