ரைசான் உறிஞ்சுகுழல்: பனி மூடிய ஏரி வண்டலுக்கு எவ்வளவு தூரம் நம்பலாம்?

அண்டார்டிகாவின் மெக்மர்டோ வறண்ட பள்ளத்தாக்குகளில் உள்ள ஃபிரிக்செல், ஹோர், பானி ஏரிகளை ஆண்டு முழுக்க 3 முதல் 5 மீட்டர் தடிமனுள்ள பனிக்கட்டி மூடியிருக்கிறது. அதைத் துளைத்து அடிவண்டலை ஒரு கோராக (அடுக்கு குலையாமல் குழாயில் எடுத்த வண்டல் தூணாக) மேலே இழுப்பது கடினமான வேலைதான். ஆனால் வேதியியல் பார்ப்பவருக்கு அதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கல். வண்டல் துகள்களுக்கு இடையே இருக்கும் துளைநீரில், ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் இரும்பு கரைந்த நிலையில் இருக்கும். காற்று பட்டதும் அது துருவாகப் படியும். படியும்போது பாஸ்பேட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஆய்வகத்தில் அளந்தால் இரும்பும் குறைவு, பாஸ்பேட்டும் குறைவு. இரண்டும் பொய்.

இந்தப் பொய்யைத் தடுக்கப் பலரும் கையில் எடுக்கும் கருவி ரைசான். நெதர்லாந்தின் ரைசோஸ்பியர் ரிசர்ச் புராடக்ட்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு; மண் ஈரத்தை உறிஞ்சுவதற்காக உருவாகி, பிறகு கடல், ஏரி வண்டலுக்கும் வந்தது. சுமார் 2.5 மி.மீ. விட்டமுள்ள நுண்துளைப் பாலிமர் குழல், உள்ளே வலுவுக்கு ஒரு கம்பி, மறுமுனையில் மெல்லிய டியூபும், சிரிஞ்சைப் பொருத்தும் லுயர் இணைப்பும். துளையின் சராசரி அளவு 0.15 மைக்ரான். ஆகவே உறிஞ்சும்போதே வடிகட்டலும் முடிந்துவிடுகிறது. தனி வடிகட்டி வேண்டாம், கோரை வெட்ட வேண்டாம், காற்றும் படாது. கோர்களுக்கு உகந்தது 5 செ.மீ. நுண்துளைப் பகுதி கொண்ட வகை.

இரும்பு, மாங்கனீசு, அமோனியம், பாஸ்பேட், குளோரைடு, சல்பேட் ஆகியவற்றை மென்சேற்றில் அளக்க, பனிமேல் போட்ட கூடாரத்தில் இதைவிடச் சிறந்த கருவி கிடையாது. பிஎச், கரைந்த கனிமக் கார்பன், மீத்தேன் ஆகியவற்றுக்கு இதை நம்பவே கூடாது. இந்த எல்லையைத் தெரிந்துகொண்டு வாங்குபவருக்கு ஏமாற்றம் இருக்காது.

மாற்றுவழிகளோடு ஒப்பிட்டால் இதன் அருமை புரியும். மையவிலக்கு முறைக்கு மின்சாரம் வேண்டும், கோரை நைட்ரஜன் நிரப்பிய பைக்குள் வைத்துத் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். குளிரில் விரைத்த கையோடு அந்தப் பைக்குள் வேலை செய்வது பெரும்பாடு. சவ்வூடு பரவலால் நீர் சேர்க்கும் தட்டுகளை வண்டலில் செருகினால் சமநிலைக்கு வர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் மேலே போட்ட துளை மீண்டும் உறைந்துவிடும். ரைசானுக்கு வேண்டியதெல்லாம் சிரிஞ்சும் ஒரு மரக்கட்டைத் துண்டும்தான்.

வேலை, முகாமுக்குக் கிளம்பும் முன்பே தொடங்குகிறது. 60 மி.மீ. கோர் குழாயில் 3.8 மி.மீ. துளைகளை 2 செ.மீ. இடைவெளியில், ஒரே நேர்கோட்டில் அல்லாமல் சுருளாகச் சுற்றிவரும்படி போட வேண்டும். துளைகளை உலர்ந்த, வெதுவெதுப்பான அறையில் இரண்டு அடுக்கு பிவிசி டேப்பால் ஒட்டி மூடுங்கள். குளிரில் ஒட்டிய டேப் பிடிக்காது. கோர் மேலே வரும்போது ஒரு துளை கசிந்தாலும் வண்டலுக்கு மேலுள்ள ஏரிநீர் இறங்கி, மேல் அடுக்கு குலைந்துவிடும். குழல்களை முதலில் 5 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் பிறகு பலமுறை தூய நீரிலும் கழுவ வேண்டும். புதுக் குழலிலிருந்து கரிமப் பொருள் கசியும். கரைந்த கரிமக் கார்பன் அளப்பவர்கள் இதைத் தவிர்க்கவே முடியாது. சுவடு உலோகங்கள் அளப்பவர்கள் எஃகுக் கம்பி உள்ள வகையை விட்டுவிட்டு, கண்ணாடியிழை அல்லது பாலிமர் இழை உள்ளதை எடுக்க வேண்டும்.

பனியில் துளை போடும் முறையும் இதில் கைவைக்கும். சூடான கிளைகால் (குளிரில் உறையாத கரிமத் திரவம்) ஓடும் செப்புச் சுருளால் துளையை உருக்கி அகலப்படுத்துவது அங்கே வழக்கம். இணைப்பு ஒன்று கசிந்தால் கரிமக் கார்பன் அளவீடு முழுதும் போச்சு. செப்பு அளவீட்டின் மீதும் சந்தேகம் விழும். கோர் இறக்கும் முன் பனித்துளையிலுள்ள நீரில் ஒரு மாதிரி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

கோர் மேலே வந்ததும் அதை நிமிர்ந்த நிலையில், 0 முதல் 4 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். உறைய விட்டால் எல்லாம் முடிந்தது: பனிப்படிகம் உப்பை வெளியே தள்ள, மீந்த நீரில் செறிவு ஏறிவிடும். அன்றே உறிஞ்சி முடிப்பதும் அவசியம். 0 டிகிரியில் சல்பேட்டின் பரவல் வேகம் 25 டிகிரியில் இருப்பதில் பாதிக்கும் குறைவு என்பதால், காத்திருக்கலாம் என்று தோன்றும். கணக்கு போட்டுப் பாருங்கள்: அந்த வேகத்திலும் ஒரு நாளில் கிட்டத்தட்ட 1 செ.மீ. தூரம் பரவிவிடும். 2 செ.மீ. இடைவெளியில் மாதிரி எடுப்பவருக்கு அது சிறிய பிழை அல்ல.

டேப்பைக் குத்தி, குழலைக் கிடைமட்டமாக மெல்லச் செருகுங்கள். சிரிஞ்சின் தண்டை இழுத்து, அது பின்வாங்காதபடி கட்டையைச் செருகினால் உறிஞ்சல் தொடங்கும். குழலும் டியூபும் சேர்ந்து பிடித்துவைக்கும் நீர் சுமார் 0.5 மி.லி. குழலைத் தூய நீரில் ஊறவைத்தால் அந்த நீர் மாதிரியோடு கலந்துவிடும். ஆகவே முதல் 1 மி.லி.யைக் கொட்டிவிடுவது கட்டாயம். பானி ஏரியின் அடிநீர் கடல்நீரைவிடப் பலமடங்கு உப்பு கொண்டது. அங்கே கொட்டாமல் விட்டால் குளோரைடு கணக்கு கண்ணுக்குத் தெரியுமளவு தாழ்ந்துவிடும். அப்படிப்பட்ட உப்புச்சேற்றில் உலர்ந்த குழலையே செருகுவது மேல்.

குளிரில் வேகம் குறையும். 20 டிகிரியில் 1.0 மில்லிபாஸ்கல் வினாடியாக இருக்கும் நீரின் பாகுநிலை, 0 டிகிரியில் சுமார் 1.8. அதே சேறு, அதே உறிஞ்சல், ஆனால் ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம். அவசரப்பட்டுத் தண்டை இன்னும் இழுப்பதில் பலனில்லை. வெற்றிடத்தின் இழுவை ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தாண்டாது. டியூபில் தேங்கிய நீர் உறைந்தால் அடைப்பு ஏற்பட்டு உறிஞ்சல் நின்றுவிடும். எனவே கோரை மட்டும் அல்ல, சிரிஞ்சையும் டியூபையும் சேர்த்தே உறையாத இடத்தில் வைக்க வேண்டும்.

எவ்வளவு நீர் எடுக்கலாம்? ஒரு குழலுக்கு 7 மி.லி. போதும்: முதல் 1 மி.லி. கொட்டியது போக, இரும்புக்கு 0.5, சல்பைடுக்கு 1, அமோனியமும் பாஸ்பேட்டும் சேர்த்து 1.5, உலோகங்களுக்கு 2, குளோரைடு, சல்பேட்டுக்கு 1. 60 மி.மீ. குழாயில், 80 சதவீதம் நீருள்ள சேற்றின் 2 செ.மீ. அடுக்கில் ஏறத்தாழ 45 மி.லி. துளைநீர் இருக்கும். 7 மி.லி. என்பது அதில் ஆறில் ஒரு பங்கு. ஒரு கோரில் பத்துக் குழல்கள் செருகினால் மொத்தம் 70 மி.லி.; அது குழாயில் 2.5 செ.மீ. உயரமுள்ள நீர். அந்த இடத்தை நிரப்பச் சேறு அமுங்க வேண்டும், அல்லது மேலுள்ள ஏரிநீர் இறங்க வேண்டும். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் நடக்கும். மேற்பரப்பிலிருந்து 1 செ.மீ.யில் செருகிய குழல் தருவது பாதி ஏரிநீர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் இந்த ஏரிகளின் இயல்பு கருவியோடு மோதுகிறது. பனிக்கடியில் வளரும் நுண்ணுயிர்ப் பாய்களில், ஒளி எட்டும் ஆழங்களில், ஆக்சிஜன் சில மில்லிமீட்டருக்குள் ஏறி இறங்கும். 2.5 மி.மீ. தடித்த, தன்னைச் சுற்றி அரை செ.மீ.க்கு மேல் நீரை இழுக்கும் குழலால் அதைப் பார்க்க முடியாது. அதற்கு நுண்மின்முனைதான் வேண்டும். காற்றில் வந்து பனிமேல் விழும் மணல், பனியின் விரிசல் வழியே இறங்கி, பாய்களுக்கு இடையே அடுக்கடுக்காகச் சேர்கிறது. கரடுமுரடான மணல் அடுக்கில் குழல் மாட்டினால் நீர் சட்டென வந்து, பிறகு செருகிய துளையோரமாகக் காற்று புகத் தொடங்கும். சிரிஞ்சில் குமிழி தெரிந்தால் அந்த மாதிரியில் இரும்பு அளக்காதீர்கள். கூழாங்கல் மோதினால் குழல் மடியும். ஒரு கோருக்குத் தேவையானதைவிட நான்கைந்து குழல்கள் கூடுதலாக வைத்திருங்கள்.

பெரிய குறை கார்பனேட்தான். வெற்றிடத்தில் கார்பன் டை ஆக்சைடு நீரைவிட்டு வெளியேறுகிறது, பிஎச் ஏறுகிறது. வாயு வெளியேறுவதால் மட்டும் காரத்தன்மை (அமிலத்தை நடுநிலையாக்கும் திறன்) மாறாது. அதை நம்பித்தான் பலர் காரத்தன்மை எண்ணை அப்படியே வெளியிடுகிறார்கள். ஆனால் ஏறிய பிஎச்சில் கால்சைட் (கால்சியம் கார்பனேட் கனிமம்) படிய ஆரம்பித்தால், கால்சியமும் காரத்தன்மையும் சேர்ந்தே சரியும். ஹோர், ஜாய்ஸ், வாண்டா ஏரிகளின் பாய்களிலேயே கால்சைட் இருக்கிறது. அங்குள்ள துளைநீர் படிவதற்குத் தயாராகவே நிற்கும். தண்டை ஒரேயடியாக 10 மி.லி.க்கு இழுக்காமல் 2, 3 மி.லி.யாகப் படிப்படியாக இழுத்தால் இழப்பு குறையும், ஒழியாது. பிஎச்சை உறிஞ்சலுக்கு முன்பே, அதே பக்கத்துளை வழியாகக் கூர்முனை மின்முனையைக் குத்தி அளந்துவிடுங்கள். கனிமக் கார்பனுக்கு வேறொரு கோரை ஒதுக்கி, பிழிந்தோ மையவிலக்கிலோ நீர் எடுங்கள்.

மீத்தேனுக்கு நீரே வேண்டாம். கோர் வந்தவுடன், நுனி வெட்டிய சிரிஞ்சால் 3 மி.லி. சேற்றை எடுத்து, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் உள்ள குப்பியில் போட்டு, பியூட்டைல் ரப்பர் மூடியால் இறுக்கிவிட வேண்டும். ஏரியின் 20 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் சுமார் 3 வளிமண்டலம். மேலே வரும்போதே குமிழி கிளம்பி வாயு கொஞ்சம் போய்விடும். அதை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.

சிரிஞ்சில் நீர் வந்த பிறகு தாமதம் கூடாது. இரும்புக்கான 0.5 மி.லி.யை நேரே ஃபெரோசின் (இரும்போடு சேர்ந்து நிறம் தரும் வேதிப்பொருள்) கரைசலில் விட்டு 562 நானோமீட்டரில் அளவிடுங்கள். சல்பைடுக்கானதை, 5 சதவீத துத்தநாக அசிடேட் ஏற்கெனவே ஊற்றிவைத்த குப்பியில் விடுங்கள். உலோகங்களுக்கானதில் மி.லி.க்கு 10 மைக்ரோ லிட்டர் அடர் நைட்ரிக் அமிலம். அந்த அமிலமிட்ட குப்பியிலிருந்து சல்பேட் அளக்க வேண்டாம்: சல்பைடு ஆக்சிஜனேறி சல்பேட்டாகி, எண்ணை உயர்த்திக் காட்டும். துத்தநாகத்தால் சல்பைடை வீழ்த்தி வடிகட்டிய நீரில்தான் சல்பேட் சரியாக இருக்கும்.

ஒவ்வொரு தொகுதிக் குழலிலும் ஒன்றை எடுத்து, அதே முகாமில், அதே குளிரில், நைட்ரஜன் ஊதிய தூய நீரை உறிஞ்சி, குழலே சேர்க்கும் மாசைக் காட்டும் வெற்று மாதிரியாக வையுங்கள். அதற்கும் அதே அமிலம், அதே குப்பி. பயன்படுத்திய குழல், டேப், சிரிஞ்சு, கொட்டிய முதல் மி.லி., எஞ்சிய துத்தநாகக் கரைசல் எதையும் பனியிலோ ஏரியிலோ விட முடியாது. 1991-இல் கையெழுத்தான அண்டார்டிக் சுற்றுச்சூழல் நெறிமுறைப்படி எல்லாம் திரும்பக் கொண்டுவரப்பட வேண்டும். கழிவுக் குப்பிகளையும் பெட்டிக் கணக்கில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.