கோக் கரியா, பழைய இரும்பா, ஹைட்ரஜனா?

உலகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 190 கோடி டன் எஃகு தயாரிக்கிறது. பாலம், கப்பல், காற்றாலை எதற்கும் அது வேண்டும். எந்த வழியில் தயாரிப்பது என்பதில்தான் இப்போது போட்டி.

இன்றும் சுமார் 70 சதவீதம், இரும்புத் தாதுவைக் கோக் கரியோடு சேர்த்து உருக்கும் ஊதுலை வழியாகவே வருகிறது. நிலக்கரியைக் காற்றில்லாமல் சுட்டால் கிடைப்பதுதான் கோக்; 1709-ல் ஆபிரகாம் டார்பி இங்கிலாந்தில் அதைக் கொண்டு இரும்பு உருக்கிக் காட்டினார். இத்தனை காலமாகியும் கோக்கை அசைக்க முடியாததற்குக் காரணம், அது ஒரே ஆளாக மூன்று வேலை பார்ப்பதுதான். எரிந்து வெப்பம் தருகிறது. கார்பன் மோனாக்சைடாகி, தாதுவில் இரும்போடு பிணைந்திருக்கும் ஆக்சிஜனைப் பறிக்கிறது. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை: மேலே குவிந்த தாதுவின் எடையை நொறுங்காமல் தாங்கி, இடுக்குகளில் வாயு மேலேறவும் உருகிய இரும்பு கீழே சொட்டவும் வழிவிடுகிறது. ஆனால் டன் எஃகுக்கு இரண்டு டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. இனியும் இதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

பழைய இரும்பை மின்வில் உலையில், அதாவது மின்பொறியின் வெப்பத்தால், உருக்குவதுதான் மிகச் சிக்கனம். ஆக்சிஜனைப் பறிக்கும் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. டன்னுக்கு 500 யூனிட் மின்சாரமே போதும். சிக்கல் செம்பில். காரை நொறுக்கும்போது மோட்டார்ச் சுருளும் சேர்ந்து வருகிறது. உருகிய எஃகில் கலந்த செம்பைப் பிரிக்க நடைமுறையில் வழியில்லை. சூடாக உருட்டும்போது அந்தச் செம்பால் மேற்பரப்பில் வெடிப்பு விழும். கட்டடக் கம்பிக்குச் சமாளிக்கலாம், கார் தகட்டுக்கு ஆகாது. அப்புறம், கட்டடத்துக்குள் போன எஃகு திரும்பிவரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

கோக்குக்குப் பதில் ஹைட்ரஜன் தாதுவின் ஆக்சிஜனைப் பறித்தால் நீராவிதான் வெளியேறும். சுவீடனின் லூலியோவில் 2021-ல் ஹைப்ரிட் (HYBRIT) என்ற திட்டம் இதைச் செய்து காட்டியது. ஆனால் கோக்கின் முதல் வேலையை ஹைட்ரஜன் செய்யாது. இந்த வினையே வெப்பத்தை உறிஞ்சும். ஹைட்ரஜனுக்காகத் தண்ணீரைப் பிரிப்பது, சூடாக்குவது, உருக்குவது எல்லாம் சேர்த்து டன்னுக்குச் சுமார் 3,500 யூனிட். ஊதுலை எஃகு மொத்தத்தையும் இப்படி மாற்றினால் உலக மின் உற்பத்தியில் 15 சதவீதம் அளவுக்குத் தேவைப்படும்.

என் கணக்கு இதுதான். செம்பை முன்கூட்டியே பிரித்தெடுத்துவிட்டுப் பழைய இரும்பை முடிந்தவரை பயன்படுத்த வேண்டும். மீதிக்கு ஹைட்ரஜன், அதுவும் நீர்மின்சாரமோ காற்றாலை மின்சாரமோ தாராளமாகக் கிடைக்கும் இடங்களில். நிலக்கரி மின்சாரத்தில் ஹைட்ரஜன் தயாரித்தால் டன் எஃகுக்கு மூன்று டன் கார்பன் டை ஆக்சைடு வந்துவிடும். அதற்கு ஊதுலையே தேவலாம். ஊதுலையின் உள்சுவரை 15, 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும். சுத்தமான மின்சாரம் உள்ள ஊரில் அந்தச் செலவு வரும்போதே உலையை மூடிவிட்டு மாறிவிட வேண்டும்.