காரைக்குடியில் பாம்புக்கும் வைத்தியம் பார்க்கிறார்கள்

எங்கள் வீட்டில் வளர்க்கிற பால் பைத்தான் (ball python, ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை) போன மாதம் திடீரென்று நிறம் மாறிவிட்டது. காபிக்கொட்டை நிறமும் பொன்மஞ்சளுமாக மினுமினுக்கும் உடம்பு, அடுப்புச் சாம்பலைத் தூவின மாதிரி மங்கி, வயிறு ரோஸ் கலருக்கு வந்து, அடுத்த இரண்டு நாளில் கண்ணும் நீலம் பாரித்துவிட்டது. எலி வைத்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறது. போனில் விசாரித்த ஒரு கடைக்காரர் பாம்பைப் பார்க்காமலேயே ஆன்டிபயாடிக் ஊசி போடச் சொன்னார். அப்பத்தா மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, "சட்டை கழட்டப் போகுதப்பா, இதுக்கு ஏன் இப்படிப் பதறுற?" என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. தலையணை உறையில் போட்டு முடிச்சிட்டு, காற்றோட்டமுள்ள டப்பாவில் வைத்து, நாய் பூனையோடு ஊர்வனவும் பார்க்கிற கிளினிக்குக்குக் கொண்டுபோனேன்.

டாக்டரம்மா முதலில் கேட்டது பதிவுச் சான்றைத்தான். 2024-இல் வந்த விதிகளின்படி பால் பைத்தான் மாதிரி வெளிநாட்டு உயிரினங்களைப் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். நம் ஊர் மலைப்பாம்பை வளர்ப்பதோ சுத்தமாகச் சட்டவிரோதம். கறாராகக் கேட்டது எனக்குப் பிடித்தது.

அப்புறம் டார்ச் அடித்துக் கண்ணைக் காட்டினார். சோறு வடித்த கஞ்சியில் ஒரு சொட்டு உள்ளே விட்டது போல இருந்தது. பாம்புக்கு இமை கிடையாது, கண்ணுக்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு செதில்தான். புதுத்தோல் வளர்ந்ததும் பழைய தோலுக்கும் புதுசுக்கும் நடுவில் ஒரு திரவம் ஊறுகிறது, அதனால்தான் உடம்பும் மங்குகிறது, கண்ணும் நீலமாகிறது, சில நாளில் கண் தெளியும், அதற்கப்புறம் உரிக்கும், பழைய நிறம் தானாக வந்துவிடும் என்றார். கண் சரியாகத் தெரியாத நேரம், தூக்காதீர்கள், இரையும் வைக்காதீர்கள் என்றும் சொன்னார். வயிற்றுச் செதிலில் செந்தழும்போ கொப்புளமோ இருந்தாலும், வாயைத் திறந்து மூச்சு விட்டாலும்தான் உடனே வர வேண்டுமாம். ஆஸ்திரேலியாவின் வடக்கே ஊன்பெல்லி பைத்தான் பகலில் கருத்து இரவில் வெளுக்கும், அது தோல் செல்களுக்குள் நிறமித் துகள்கள் பரவிச் சுருங்குவதால் வருவது, உங்கள் பாம்புக்கு நடப்பது வேறு என்று ஆர்வமாக விளக்கினார்.

மருந்து ஒன்றுகூட எழுதவில்லை. சித்திரை வெயிலுக்கு நான் இரவும் பகலும் ஏசி போட்டது காற்றை இன்னும் காய வைத்துவிட்டது என்பதைக் கேட்டே கண்டுபிடித்தார். மூடி போட்ட டப்பாவில் ஓட்டை போட்டு, நனைத்துப் பிழிந்த தேங்காய் நாரை நிரப்பிக் கூண்டுக்குள் வையுங்கள், ஈரப்பதம் 70 சதவீதம் போல இருக்கட்டும், தோலைக் கையால் பிய்க்கவே கூடாது என்று அனுப்பிவிட்டார்.

ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால், டப்பா விளிம்பில் உதட்டைத் தேய்த்து, காலுறையைக் கழற்றுகிற மாதிரி உட்புறம் வெளியே திரும்ப, ஒரே துண்டாக உரித்துப் போட்டிருந்தது. ஆத்தங்குடிக்கல் தரையில் விரித்து அளந்தேன், பாம்பைவிட அதன் சட்டை நீளம்! தலைப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். டாக்டரம்மா தேடச் சொன்ன, கண்ணுக்கு மேல் இருந்த இரண்டு கண்ணாடிச் செதில்களும் குட்டி வாட்ச் கண்ணாடி போல அப்படியே இருந்தன. கூண்டுக்குள் பாம்பு, எண்ணெய் தேய்த்த தேக்குத் தூண் மாதிரி மின்னியது. அன்று சாயங்காலமே எலியும் எடுத்தது.

கட்டணம் 300 ரூபாய், அதற்கு அரைமணி நேரம் பேசினார்கள். குறை என்றால் காத்திருக்கும் இடம்தான்: நாய்கள் குரைக்கிற வராந்தாவில் முக்கால் மணி நேரம் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், பாம்புக்கு அந்த அதிர்ச்சி தேவையே இல்லை, தனியாக ஒரு மூலை ஒதுக்கலாம். அதனால் அரை மதிப்பெண் குறைத்து 5-க்கு 4.5. போகிறவர்கள் முன்கூட்டியே போன் போட்டு, வருவது பாம்பு என்று சொல்லிவிடுங்கள். அடுத்த முறை நேராக உள்ளே வரச் சொல்லியிருக்கிறார்கள்.