‘மிச்சத்தில் கால்வாசி’ என்று வரும் கிளவுட் கன்சல்டன்ட்டுகள்: கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

ஏ.டபிள்யூ.எஸ். (சர்வர்களை வாடகைக்குத் தரும் அமேசானின் கிளவுட் சேவை) பில்லைக் குறைத்துத் தருகிறோம், முன்பணம் வேண்டாம், மிச்சமாவதில் 25 சதவீதம் கொடுத்தால் போதும் என்று யாராவது உங்கள் கம்பெனிக்கு வந்தால், ஒப்பந்தத்தில் ‘மிச்சம்’ என்பதற்கு என்ன விளக்கம் எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். கோவையில் நூற்பாலைகளுக்கு ஸ்டாக், உற்பத்திக் கணக்கு பார்க்கும் சாஃப்ட்வேர் நடத்துகிற சின்ன கம்பெனி எங்களுடையது. இப்படி வந்த ஒரு கன்சல்டன்ட் கம்பெனியிடம் நாங்கள் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டோம். விவகாரம் வக்கீல் கையில் இருப்பதால் அவர்கள் பெயரை எழுதவில்லை.

பேச வந்தவர் நன்றாகத்தான் பேசினார். “சார், உங்களுக்கு ரிஸ்க்கே இல்ல. மிச்சம் பிடிச்சுக் குடுத்தாத்தான் எங்களுக்குக் காசு.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் மிச்சத்துக்கு இரண்டு கணக்குகள் இருந்தன. ஒன்று, ஆன்-டிமாண்ட் விலைக்கும் (முன்கூட்டி எதுவும் எழுதிக் கொடுக்காமல், ஓட்டிய நேரத்துக்கு மட்டும் கட்டும் முழு விலை) தள்ளுபடி விலைக்கும் உள்ள வித்தியாசம். இன்னொன்று, ஒப்பந்தத்துக்கு முந்தைய மூன்று மாத பில்லின் சராசரிக்கும் இந்த மாத பில்லுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டில் எது அதிகமோ அதில் 25 சதவீதம். அந்த மூன்று மாதங்களில் ஒன்றில் நாங்கள் டேட்டாபேஸ் மாற்றிக்கொண்டிருந்தோம். பழையதும் புதியதும் சேர்ந்து ஓடியதால் பில் எகிறியிருந்தது. அந்த மாதத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்டோம். “எல்லா கிளையன்ட்டுக்கும் இதே ஃபார்மட்தான் சார்” என்று பதில் வந்தது.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். எங்கள் சர்வர்கள் தேவைக்கு மேல் பெரியவை என்பது அவர்களுக்குத் தெரியும். முதல் மீட்டிங்கில் அவர்களே காட்டிய ஸ்லைடில் அது இருந்தது. ஒரே வகை சர்வரில் ஒரு சைஸ் இறக்கினாலே மணிக்கட்டணம் பெரும்பாலும் பாதியாகிவிடும். டெஸ்ட் சர்வர்களை இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் நிறுத்தி வைத்தால் இன்னும் குறையும். முதலில் இதையெல்லாம் செய்து, மிஞ்சுகிற தேவைக்கு மட்டும் நீண்டகாலத் தள்ளுபடி வாங்குவதுதான் முறை. இவர்கள் தலைகீழாகச் செய்தார்கள். பெரிய சர்வர்கள் அப்படியே ஓடும்போதே, அந்த அளவுக்கு மூன்று வருட சேவிங்ஸ் பிளான் வாங்கிவிட்டார்கள்.

சேவிங்ஸ் பிளான் என்றால் மணிக்கு இத்தனை டாலர் பயன்படுத்துவேன் என்று ஒரு வருடத்துக்கோ மூன்று வருடத்துக்கோ எழுதிக் கொடுப்பது. மணிக்கு 1 டாலர் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 8,760 டாலர், மூன்று வருடத்துக்கு 26,280 டாலர். சர்வரை ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் அந்தப் பணம் போகும், மேலே 18 சதவீத ஜிஎஸ்டி. இதைப் பெரிய அளவுக்கு வாங்கினால் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள். சர்வர் பெருசாக இருக்க இருக்க ஆன்-டிமாண்ட் விலையும் பெருசு, ‘மிச்சமும்’ பெருசு, கமிஷனும் பெருசு. சைஸை இறக்குவதில் அவர்களுக்கு வேலைதான் அதிகம்.

எப்படி வாங்கினார்கள்? செலவைப் பார்ப்பதற்கு என்று எங்கள் அக்கவுண்ட்டில் ஒரு ரோல் (வெளியாள் உள்ளே வந்து என்னென்ன செய்யலாம் என்ற அனுமதிப் பட்டியல்) வேண்டும் என்றார்கள். அதற்கான டெம்ப்ளேட்டை அவர்களே அனுப்பினார்கள். படிக்கும் அனுமதிகள் நீளமாகப் போகும் அந்தப் பட்டியலின் நடுவே ‘கிரியேட் சேவிங்ஸ் பிளான்’ என்ற ஒரே ஒரு வரி. செலவைப் பார்ப்பவருக்கு அந்த அனுமதி எதற்கு? கேட்டால், ஒப்பந்தத்தில் ‘ஆப்டிமைசேஷன் நடவடிக்கைகள்’ என்று இருக்கிறதே என்கிறார்கள்.

வாங்கிய தேதியையும் பாருங்கள். மணிக்கு 100 டாலருக்கு மிகாத பிளானை வாங்கிய ஏழு நாளுக்குள் திருப்பிக் கொடுக்க ஏ.டபிள்யூ.எஸ். அனுமதிக்கிறது. ஆனால் அதே காலண்டர் மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். மாதம் முடிந்தால் அந்த வாய்ப்பும் போச்சு. எங்களுக்கு வாங்கப்பட்டது ஒரு 31-ஆம் தேதி. தற்செயலாகவும் இருக்கலாம், நான் நம்பவில்லை.

கண்காணிப்புக்கு என்று தனியாக மாதக் கட்டணம் வாங்கினார்கள். ‘24 மணி நேர ரியல் டைம் மானிட்டரிங்’ என்று பெயர். செலவு நாம் வைத்த வரம்பைத் தாண்டினால் ஏ.டபிள்யூ.எஸ். பட்ஜெட்ஸ் அனுப்பும் எச்சரிக்கை மெயிலின் தலையில் தங்கள் லோகோவைப் போட்டு அனுப்புவதுதான் அந்தச் சேவை. பட்ஜெட் வைத்து மெயில் வாங்க ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் காசு கிடையாது. செலவு திடீரென ஏறினால் சொல்லும் அனாமலி டிடெக்‌ஷனும் இலவசம். ரியல் டைம் என்பதும் சும்மா. பட்ஜெட் விவரம் ஒரு நாளைக்கு மூன்று முறை வரைதான் புதுப்பிக்கப்படும், காலையில் ஓடவிட்ட சர்வரின் செலவு சாயங்காலம்தான் தெரியவரும். பட்ஜெட் மெயில் தானாக எதையும் நிறுத்தாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நிறுத்த வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஆக்‌ஷன் அமைக்க வேண்டும்.

இதற்கிடையில் எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் பில்லை வரிவரியாகப் பார்த்துவிட்டு, “அண்ணா, நம்ம பேக்கப் எல்லாம் நேட் கேட்வே வழியா எஸ்-3க்குப் போகுது, ஒவ்வொரு ஜிபிக்கும் காசு கட்டறோம்” என்றான். எஸ்-3 என்பது ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் ஃபைல்களைச் சேமிக்கும் இடம், நேட் கேட்வே என்பது உள்ளே இருக்கும் சர்வர்கள் வெளியே போகும் கட்டண வழி. எஸ்-3க்கு நேராகப் போகும் தனி வழியான கேட்வே எண்ட்பாயிண்ட் வைத்துக்கொள்ளக் கட்டணமே கிடையாது. ரூட் டேபிளோடு (எந்த டேட்டா எந்த வழியில் போக வேண்டும் என்ற பட்டியல்) இணைத்துவிட்டால் முடிந்தது. அன்றைக்கே செய்துவிட்டான். டெஸ்ட் சர்வர்களை ராத்திரி நிறுத்தும் வேலையையும் அவனே முடித்தான். பில் நன்றாகவே இறங்கியது. அடுத்த இன்வாய்ஸில் அந்த இறக்கத்துக்கும் சேர்த்து 25 சதவீதம் கேட்டிருந்தார்கள். பழைய சராசரியிலிருந்து எதனால் குறைந்தாலும் அது அவர்கள் பிடித்துக் கொடுத்த மிச்சமாம்.

சேவிங்ஸ் பிளான் எவ்வளவு பயன்படுகிறது என்று பார்க்கப் போனால், செலவு விவரம் காட்டும் காஸ்ட் எக்ஸ்ப்ளோரர் பக்கமே திறக்கவில்லை. ஒப்பந்தத்தின்போது எங்கள் அக்கவுண்ட்டைத் தங்கள் ஆர்கனைசேஷனுக்கு (பல அக்கவுண்ட்டுகளை ஒரே பில்லில் சேர்க்கும் ஏ.டபிள்யூ.எஸ். ஏற்பாடு) கீழே கொண்டுபோயிருந்தார்கள். மேலே இருக்கும் மேனேஜ்மென்ட் அக்கவுண்ட் நினைத்தால் கீழே இருப்பவர்களுக்கு அதை மூடி வைக்க முடியும். நமக்கு மாதாமாதம் பிடிஎஃப் மட்டும் வரும். வக்கீல் கடிதம் போன பிறகு திறந்தார்கள். பிளானில் பயன்பட்ட அளவு (யூடிலைசேஷன்) 61 சதவீதம். கட்டும் நூறு ரூபாயில் 39 ரூபாய் ஓடாத சர்வருக்குப் போய்க்கொண்டிருந்தது. அதே மாத இன்வாய்ஸில் ‘நீங்கள் சேமித்தது’ என்று பச்சை எழுத்தில் ஒரு தொகை.

இப்போது அவர்கள் ஆர்கனைசேஷனிலிருந்து வெளியே வந்துவிட்டோம். வெளியேறும் முன் செலவு ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். அங்கே இருந்த காலத்துச் செலவு விவரம் வெளியே வந்தபின் உங்கள் காஸ்ட் எக்ஸ்ப்ளோரரில் தெரியாது. சொந்தக் கார்டையும் முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள். பிளான் எங்கள் அக்கவுண்ட்டிலேயே வாங்கப்பட்டதால் அது எங்களோடேயே வந்துவிட்டது. அது ஃபார்கேட், லேம்டா (சர்வரை நாமே பார்த்துக்கொள்ளாமல் புரோகிராம் ஓட்டும் ஏ.டபிள்யூ.எஸ். சேவைகள்) செலவுக்கும் செல்லும் என்பதால் சில வேலைகளை அங்கே மாற்றி முடிந்தவரை கழித்துக்கொண்டிருக்கிறோம். மீதி ஒப்பந்தக் காலத்துக்கான கமிஷனைக் கேட்டு அவர்கள் அனுப்பிய நோட்டீஸுக்கு வக்கீல் பதில் எழுதியிருக்கிறார்.

இப்படி யாரிடமாவது சமீபத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், பில்லிங் பக்கத்தில் சேவிங்ஸ் பிளான் இன்வென்டரியை இன்றைக்கே திறந்து வாங்கிய தேதியைப் பாருங்கள். ஏழு நாள் தாண்டவில்லை, மாதமும் முடியவில்லை என்றால் இன்னும் திருப்பிக் கொடுக்கலாம். நமக்கு இருப்பது இந்திய நேரம், மாதம் முடிவதை ஏ.டபிள்யூ.எஸ். கணக்குப் பார்ப்பது யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில். அதனால் மாதக் கடைசி நாளுக்கு மறுநாள் காலை ஐந்தரை மணி வரை அவகாசம் இருக்கும்.