ஆறு வருட வால்வு ஆம்ப்: இடது பக்கத்துக் கரகரப்பு

ஒரு வால்வு ஆம்ப், அதாவது கண்ணாடிக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர், விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். அதே மாடலை ஆறு வருடமாக வைத்திருக்கிறேன். அதில் ஸ்பீக்கரை ஓட்டும் வால்வுகள் நான்கு ஈஎல்84, சின்ன சிக்னலைப் பெருக்கும் வால்வுகள் இரண்டு ஈசிசி83. மற்ற விவரமெல்லாம் அவருக்கே தெரியும். நான் சொல்ல வேண்டியது வால்வின் பின்கள் செருகி நிற்கும் சாக்கெட்டைப் பற்றி.

இரண்டாம் வருடம் இடது பக்கத்தில் சத்தம் தொடங்கியது. வீணையின் நாதம் அடங்கும் இடத்தில் எண்ணெயில் கடுகு வெடிப்பது போல. வால்வு போய்விட்டது என்று நினைத்துப் புது ஜோடி வாங்கினேன். வீண் செலவு. இடது வால்வை வலது பக்கம் மாற்றிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். பிறகு மாற்றிப் பார்த்தபோது, வால்வு இடம் மாறியும் சத்தம் இடது பக்கத்திலேயே நின்றது. ஓடும்போது காய்ந்த மூங்கில் குச்சியால் தட்டிப் பார்த்ததில், ஒரே ஒரு சாக்கெட்டில் மட்டும் படபடத்தது.

வீடு திருவான்மியூரில், கடற்காற்று. சாக்கெட்டுக்குள் களிம்பு ஏறியிருக்கும் என்று சுத்தம் செய்தேன். பிளக்கைப் பிடுங்கியதுமே ஆம்ப்புக்குள் கை வைக்கக் கூடாது. ஐந்து நிமிடம் கழித்தும் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் மீட்டர் 90 வோல்ட் காட்டியது. ரெசிஸ்டர் வைத்து அந்த மின்சாரத்தை வடித்த பிறகுதான் தொட்டேன். வால்வை நேராக மேலே இழுக்க வேண்டும். ஆட்டி ஆட்டி எடுத்தால் பின்னின் அடியில் கண்ணாடி விரிசல் விடும், காற்று புகுந்தால் வால்வு அவ்வளவுதான். பல்லிடுக்கு பிரஷ்ஷில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்து ஒன்பது ஓட்டையையும் துடைத்தேன். அப்புறம் பின்களில் துளி டியாக்ஸிட் (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் திரவம்) தடவி, வால்வை நாலைந்து முறை ஏற்றி இறக்கினேன். உப்புத்தாள் போட்டால் மேல்பூச்சு போய்விடும்.

மூன்று மாதம் நிம்மதி. மறுபடியும் கடுகு.

நான்காவது முறைதான் புரிந்தது, கோளாறு அழுக்கில் இல்லை, பிடியில். நல்ல சாக்கெட்டிலிருந்து வால்வை எடுக்கக் கொஞ்சம் பலம் வேண்டும். இதில் வழுக்கிக்கொண்டு வந்தது. ஈஎல்84 உள்ளேயிருக்கும் சூடேற்றும் இழைக்கே (ஹீட்டர்) 0.76 ஆம்பியர் இழுக்கும். அந்தச் சூட்டில் தினமும் வெந்து, சாக்கெட்டுக்குள் பின்னைப் பிடிக்கும் தகடுகள் தளர்ந்துவிட்டன. ஊசியால் அவற்றை நெருக்கிவிட்டதில் எட்டு மாதம் ஓடியது. போன மாதம் மெக்கானிக்கிடம் கொடுத்து அந்த ஒன்றை மட்டும் பீங்கான் சாக்கெட்டாக மாற்றினேன். பழைய சாக்கெட்டை சர்க்யூட் போர்டில் நேரடியாகப் பற்றவைத்திருந்ததால், போர்டின் செம்புத் தடம் உரியாமல் கழற்ற அவருக்கு அரை நாள் ஆனது. இத்தனை விலை வாங்கிய கம்பெனிக்காரர்கள் இவ்வளவு சின்ன சாமானில் மிச்சம் பிடித்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நியாயமாகச் சொன்னால், டிரான்ஸ்ஃபார்மர் ஆறு வருடத்தில் ஒரு நாளும் முனகியதில்லை. குரல் இவ்வளவு கிட்டத்தில் கேட்கும் வேறு ஆம்ப் என்னிடம் இல்லை, நான் இதை விற்கவும் போவதில்லை. ஆனாலும் நண்பரிடம் வாங்காதீர்கள் என்றுதான் சொன்னேன். மற்ற மூன்று ஈஎல்84-ம் இன்னும் அதே பழைய சாக்கெட்டில் நிற்கின்றன. பாட்டு அடங்கும் இடம் வந்தாலே காது அங்கே போய்விடுகிறது.